நல்ல உப்பு

எங்கள் ஹவுஸ் ஓனர் அக்காவிடம் எதையும் நல்லது என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தீர்ந்தோம். அன்று தொடங்கி அந்த நல்லது நம் தலையில் கொட்டிக்கொண்டே இருக்கும்.

குடிபோன புதிதில் எனக்கு இது தெரியாது. மொட்டை மாடியில் ஒரு ரோஜாச் செடி வாங்கி வைத்திருந்தேன். டீத்தூள் சக்கை போட்டால் ரோஜாவுக்கு நல்லது என்று பேச்சுவாக்கில் அக்காவிடம் சொன்னேன். மறுநாளே தன் வீட்டுச் சக்கை, எங்கள் வீட்டுச் சக்கை, தெருமுனை டீக்கடைச் சக்கை என்று எல்லாவற்றையும் வாளியில் சுமந்துவந்து தொட்டியில் கவிழ்த்திருக்கிறார். நான் சாயங்காலம் வேலை விட்டு வந்து பார்த்தால் செடியைக் காணோம். கறுப்பாக ஒரு குவியலும் அதன் உச்சியில் இரண்டு இலையும்தான் தெரிந்தன. அந்த வாரமே செடி போய்ச் சேர்ந்தது.

"என்னக்கா, இப்படிக் கொன்னுட்டீங்களே!" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நல்லதுதானம்மா போட்டேன்? நல்லது போட்டா எப்டி சாவும்? அது சீக்கு புட்ச்ச செடியா இருந்திருக்கும். வித்தவன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

அவ்வளவுதான் அக்கா. இதற்குமேல் அவரிடம் வாதாடி ஜெயித்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

மண்ணூர்பேட்டையில் அவர்கள் வீட்டு மாடியில்தான் நானும் என் கணவரும் குடியிருந்தோம். விருதுநகரிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் நாங்கள். எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அங்கே எஸ்டேட் என்பார்கள், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. விருதுநகர் என்று எத்தனை முறை சொன்னாலும், "எல்லாம் அந்த மதுர சைடுதான, போ" என்று அக்கா எனக்கு மதுரைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார். கீழே அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அத்தனை வருஷம் மிஷின் சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று விட்ட பழக்கமோ என்னவோ, வீட்டிலும் பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவார்.

அக்காவுக்குச் சொந்த ஊரே அதுதான். கம்பெனிகள் வருவதற்கு முன்னால் அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் போய், வீடும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் மிச்சம். அந்த மண்ணில் இரண்டு தென்னை, குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் வாழை, மதிலோரம் ஒரு முருங்கை. நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து அந்த மண்ணிலேயே சுற்றிச்சுற்றி வருவார். நல்ல ஆகிருதி. கேட்டுக்கு வெளியே பேசினால் மாடியில் எங்கள் பாத்திரம் அதிரும்.

எனக்கு ஒருமுறை சளி பிடித்தது. நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தால் நல்லது என்று அவரே சொன்னார். ஒரு கொத்து கொண்டுவருவார் என்று நினைத்தால், புதரையே ஒடித்துக்கொண்டு வந்து நின்றார். என்னைப் போர்வைக்குள் தள்ளி, வெளியே வரவிடாமல் தோளை அமுக்கிக்கொண்டு, "தோ, இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் இஸ்து உடு" என்று ஒரே மிரட்டல். என் கணவர் வந்து மீட்டெடுக்காவிட்டால் நான் வெந்தே போயிருப்பேன். சளி அன்றைக்கே போய்விட்டது. பயந்து ஓடியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்த அளவில்லாத கை ஒருநாள் என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. என் அம்மா தவறிப்போய் ஊரில் காரியமெல்லாம் முடித்துத் திரும்பியபோது, மாடிப்படியில் கால் வைக்கத் தெம்பில்லாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு குண்டான் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார். உருட்டி உருட்டி என் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். எப்போது சாப்பிட ஆரம்பித்தேன், எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. குண்டான் காலியாகியிருந்தது. அன்றைக்கு அந்த அளவு எனக்கு வேண்டியிருந்தது. அதனால் இந்த அக்காவை யாராவது குறை சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் சொந்தமாக ஒரு பிளாட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இங்கே யாரும் யார் தட்டிலும் எதையும் அள்ளி வைப்பதில்லை. அந்தக் கோபம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

அண்ணனுக்கு பி.பி. இருப்பது தெரியவந்தது ரேஷன் கடை வரிசையில் தலை சுற்றி உட்கார்ந்தபோதுதான். பக்கத்துக் கிளினிக் டாக்டரம்மா பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தொடக் கூடாது என்றார்.

மாத்திரை விஷயத்தில் அக்கா ரொம்பச் சரி. டாக்டர் கொடுத்தது, ஆகவே நல்லது. ஒரு வேளை தவறாது. ஒருநாள் என்னிடம் வந்து, "ஒண்ணு போட்டே எறங்கிடுச்சின்னு சொன்னாங்களே, ரெண்டா குட்த்தா சீக்கிரம் சரியாய்டும் இல்ல?" என்று கேட்டார். நான் போட்ட கத்தலில் அந்த யோசனையைக் கைவிட்டார்.

உப்பு விஷயம்தான் அக்காவை வதைத்தது. உப்பில்லாத குழம்பை அண்ணன் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். குறை சொல்லியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். அந்தப் பேசாமை இருக்கிறதே, அதுதான் அவரை என்னவோ செய்தது. படியேறி வந்து என் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னாத்த சொல்றது மதுரக்காரி. மாடு கழனித் தண்ணி குட்ச்சிட்டுப் போற மாரி சாப்ட்டுட்டுப் போறாரு. நா ஆக்குன சோத்த எம்புருசன் இப்டி துன்னு நா பாத்ததே இல்ல. எனுக்கு வயிறு எரியுது."

"கொஞ்ச நாள்ல நாக்கு பழகிடும்க்கா. எலுமிச்சம்பழம் புழிஞ்சு விடுங்க, மிளகு போடுங்க."

"எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். உப்பு எடத்துல உப்புதாம்மா."

அவர்களுக்கு ஒரே மகள். நெமிலிச்சேரியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி அப்பாவைப் பார்க்க வந்துவிடுவாள். வெறுங்கையோடு வந்து நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கொண்டுவந்தது ஒரு உப்புப் பாக்கெட். நானும் அப்போது கீழேதான் இருந்தேன்.

"பி.பி. இருக்கறவங்களுக்குன்னே வர்ற உப்பும்மா. சூப்பர் மார்க்கெட்ல தேடிப் புட்ச்சேன். இதுல சோடியம் கம்மியாம். அப்பாவுக்கு ரொம்ப நல்லது."

அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "பாத்தியாம்மா, பெத்த அப்பன் வாய் பேசலன்னாலும் பொண்ணுக்குத் தெரியுது பாரு" என்று என்னிடம் ஒரே பெருமை. அண்ணன்கூடச் சிரித்தார்.

அன்றைக்கே அந்த உப்பில் குழம்பு வைத்தார். லேசாக ஒரு கசப்பு, உப்புக் கரிப்பும் பத்தவில்லை. அதனால் என்ன, நல்ல உப்புதானே, இன்னும் ஒரு கை போடு. அப்படித்தான் அது ஆரம்பித்தது. வழக்கமாகப் போடுவதைப்போல இரண்டு மடங்கு போட்டால்தான் நாக்குக்கு உறைத்தது. போட்டார். அண்ணன் ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார் என்று மறுநாள் என்னிடம் வந்து கண்கலங்கச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆடி மாதம் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஊருக்கெல்லாம் கருவாட்டுக் குழம்பு, அண்ணனுக்கு மட்டும் தனிச் சட்டியில் முருங்கைக்கீரையும் காராமணியும் போட்டு நல்ல உப்பில் ஒரு குழம்பு. தெருவே பார்க்க அக்கா அவர் பக்கத்தில் நின்றுகொண்டு கூழில் மேலும் மேலும் அதை ஊற்றினார். "ஊருக்கு வேண்டியது ஊருக்கு. எங்க ஊட்டுக்காரருக்கு ஸ்பெசலு" என்றார். கோயில் மைக் தோற்றுப்போனது.

அதோடு விட்டாரா? பி.பி.க்கு எது நல்லது என்று டிவியில் யார் பேசினாலும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். இளநீர் நல்லது என்றார்கள். சொந்த மரம், கேட்கவா வேண்டும்? மனிதர் தண்ணீர் கேட்டால் இளநீர் வந்தது. கீரை நல்லது என்றார்கள். கீரை வேகவைத்த தண்ணீரையும் வீணாக்காமல் ரசம் வைத்தார். வாழைப்பழம் நல்லது என்றார்கள். தார் வெட்டிக் கூடத்திலேயே கட்டித் தொங்கவிட்டார். தக்காளியைச் சாறாக்கிக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தார். எல்லாமே நல்லவை. எதைப் பிடித்து நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள்?

ஆடி முடிந்து கொஞ்ச நாளில் அண்ணன் படியேறத் திணற ஆரம்பித்தார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வருகிறவர் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "காலு கல்லு மாரி கீதும்மா" என்பார். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றும் ஒருநாள் சொன்னார். அக்காவுக்கு இதற்கு மருந்து தெரியாதா?

"ஒடம்புல சத்து கொறஞ்சி போச்சி. உப்பு கொறச்சிக் கொறச்சி ஆள உருக்கிட்டாங்க" என்று இளநீரை அதிகமாக்கினார். இரண்டு பழம் கொடுத்த இடத்தில் நான்கு கொடுத்தார். கீரை தினமும் ஆயிற்று. அண்ணன் துவளத் துவள, இவர் ஊட்டிக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்குகிறேன். கீழே குழாயடியில் அண்ணன் பல் துலக்க உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. அக்கா பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்க்கிறார், முடியவில்லை.

"மாமா... மாமா, இன்னா மாமா, எழுந்துரு மாமா!" அக்கா அவரை மாமா என்று கூப்பிட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறார். எங்கள் எதிரில் 'இவரு' என்பதோடு சரி.

என் கணவரும் நானும் சேர்ந்து தூக்கி, ஆட்டோ பிடித்து, அம்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அண்ணனுக்கு மாற்றுத்துணி எடுத்துவரவென்று என் கணவர் அதே ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினார். உள்ளே நாடி பிடித்துப் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். இதயம் துடிக்கும் வேகம் ரொம்பக் குறைந்துவிட்டது என்றார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஊசிமேல் ஊசி போட்டார்கள். என்ன ஏது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து துண்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மகள் வந்து சேர்ந்தாள். வந்தவள் அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா குட்த்த அப்பாவுக்கு? கருவாடு குட்த்தியா? ஊறுகா குட்த்தியா? ஆடிக்குக் கூழு ஊத்தும்போதே நெனச்சேன். உன் கைய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டியேம்மா நீ! நீதாம்மா எங்கப்பாவ இந்த கதிக்கு ஆளாக்கிட்ட!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு துடித்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "இல்லம்மா, ஒண்ணியும் குடுக்கல, நல்லதுதான் குட்த்தேன்" என்றார். யாரிடமும் தோற்காத அக்கா, பெற்ற மகளிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். நரைத்த தலை, பொறுமையான மனிதர். அண்ணனின் மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருந்தார்.

"ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கும்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயம் நின்னிருக்கும். ஊசி போட்டிருக்கோம், எறங்குதான்னு பார்க்கணும். ஐயா என்ன சாப்பிடுறார் சொல்லுங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க."

அக்கா சொன்னார். இளநீர் என்றார், டாக்டர் தலையாட்டினார். கீரை, கீரைத்தண்ணி ரசம், வாழைப்பழம், தக்காளிச் சாறு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எல்லாம் சரியாகச் செய்தேன் என்று காட்டத்தான் அக்கா அதைச் சொன்னார். சொல்லும்போதே தன் குரல் இறங்குவது அவருக்கே தெரிந்தது.

"உப்பு எவ்வளவு?"

"அது கெட்ட உப்பு இல்ல டாக்டர். நல்ல உப்பு. பி.பி.க்குன்னே விக்கிறாங்களே, அது."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன உப்பு அது? பாக்கெட்டைப் பார்க்கணுமே."

வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த என் கணவருக்கு உடனே போன் போட்டேன். கீழ்வீட்டு அடுப்படி அலமாரியில் இருக்கிற பாக்கெட்டை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. டாக்டர் என் போனை வாங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் படித்தார். மகளும் எட்டிப் பார்த்தாள். அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனதை நான் பார்த்தேன்.

"இதுல சோடியத்தைக் குறைச்சிட்டு அந்த இடத்துல பொட்டாசியத்தைச் சேர்த்திருக்காங்க. நிறைய பேருக்கு இது நல்லதுதான். ஆனா ஐயா போடுற மாத்திரை பொட்டாசியத்தை உடம்புலயே பிடிச்சு வைக்கிற ஜாதி. அவர் கிட்னியும் கொஞ்சம் சோர்ந்துபோயிருக்கு. வெளிய போற வழி அடைச்சிருக்கும்போது இளநீ, கீரை, பழம், உப்புன்னு எல்லா வழியாவும் உள்ள அனுப்பியிருக்கீங்க. மாத்திரையும் தப்பில்ல, சாப்பாடும் தப்பில்ல. ரெண்டும் சேர்ந்ததுதான் வினை. சாப்பாட்டை மாத்தறதுக்கு முன்னாடி, இந்த மாத்திரை போடுறாரு, இதைக் கொடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"நல்லதும் நல்லதும் சேந்தா கெட்டதாவுமா டாக்டர்?" அக்கா குழந்தை மாதிரி கேட்டார்.

டாக்டர் போட்டோவை இன்னொரு முறை பார்த்தார். "யாரும்மா இந்த உப்பை வாங்கிக் கொடுத்தது?" என்றார்.

மகளின் உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அக்காவின் கால் என் காலை நறுக்கென்று மிதித்தது.

"நாந்தான் டாக்டர். நானா கடைக்குப் போயி நானாத்தான் வாங்கியாந்தேன். இவங்களுக்கெல்லாம் ஒண்ணியும் தெரியாது."

அந்தப் பாக்கெட்டில் இருந்தது முழுக்க இங்கிலீஷ். அக்காவுக்கு இங்கிலீஷில் பஸ் நம்பர் தவிர எதுவும் வாசிக்க வராது. டாக்டர் அக்காவை ஒரு நிமிஷம் பார்த்தார், மகளை ஒரு நிமிஷம் பார்த்தார், போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மகள் யாரையும் பார்க்காமல் வராந்தா ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். எனக்கு மண்டை கொதித்தது. அக்காவைக் கேன்டீன் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க? வாங்கிட்டு வந்தது அவ. வந்ததும் வராததுமா எல்லாரும் பார்க்க உங்களை அப்படி ஏசினாளே, வாயத் தொறந்து நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னாளா? நானாவது சொல்லியிருப்பேன், என் காலை வேற மிதிச்சிட்டீங்க."

"சொல்லிக்கிழிச்ச. சும்மா கெட."

"என்ன சும்மா கிடக்கிறது?"

அக்கா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "தோ பாரும்மா. அவரு பொழச்சி ஊட்டுக்கு வந்துட்டாருன்னு வெய்யி. அவளால ஆச்சுன்னு டாக்டர் வாயில ஒரு சொல்லு வந்துட்ச்சின்னா, அப்பால அவ அப்பனுக்கு ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்கறதுக்கும் பயப்புடுவா. ஞாயித்துக்கெழம ஆனா பையத் தூக்கினு ஓடியாரவ, கேட்டுக்கு வெளியவே நின்னுடுவா. அவரு வரலன்னு வெய்யி..." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். எம்பொண்ணுக்கு அந்த சொம தாங்காது" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ரோஜாச் செடியைக் கொன்ற கை என்று எத்தனை பேரிடம் கேலியாகச் சொல்லியிருப்பேன்.

பொட்டாசியம் மெல்ல மெல்ல இறங்கியது. அண்ணன் பிழைத்தார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இளநீர் கூடாது. கீரை எப்போதாவது, அதுவும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டு. அந்த வடித்த தண்ணீரைக் குழாயடியில் ஊற்றும்போது அக்காவைப் பார்க்கப் பாவமாக இருக்கும். "அத்தினி சத்தும் போவுதேம்மா" என்பார். குறைப்பது நல்லது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, அந்த நல்லதையும் அக்கா அளவோடு விடவில்லை. சோற்றைக் குறைத்தார், குழம்பைக் குறைத்தார், காபியைக்கூட அரை டம்ளராக்கினார். அண்ணன் முதன்முறையாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று என்னிடம் முறையிட்டார்: "அம்மா, நீ கொஞ்சம் சொல்லும்மா, பசிக்குது." போய்ச் சண்டை போட்டுச் சரி செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால், ஸ்கூலில் வேலை என்றாள். அக்கா கேட்டைப் பார்த்தபடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்தார்.

அதற்கும் அடுத்த ஞாயிறு வந்தாள். நான் துணி காயப்போட்டுவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றாள். கையில் ஒரு சின்னப் பை. அதை முந்தானைக்குள் மறைத்துப் பிடித்திருந்தாள். கொடுப்பதா, திருப்பி எடுத்துக்கொண்டு போவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னாடி, அங்கியே நின்னுகினு கீற? உள்ள வா."

வந்தாள். பையை அம்மாவிடம் நீட்டினாள். "ஆப்பிள்மா. டாக்டருக்கு போன் பண்ணி, மாத்திரை பேரு சொல்லி, கேட்டுட்டுத்தான் வாங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு பழம் குடுக்கலாம்னு சொன்னாரு. வேணாம்னா வேணாம்மா, நா எட்த்துனு போயிடறேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் உடைந்துவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நாந்தானம்மா... நாந்தானம்மா அத்த வாங்கியாந்தேன்... அப்பாவ நாந்தானம்மா..."

கூடத்தில் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. என்ன, என்ன என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒண்ணியும் இல்ல, நீ ஒக்காரு மாமா" என்றார் அக்கா. மகளின் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, தன் துண்டாலேயே அவள் மூக்கைத் துடைத்துவிட்டார். குரல் பழையபடி தெருவரைக்கும் கேட்டது.

"ஆமா, நீதான் வாங்கியாந்த. ஆப்பிள நீதாண்டி வாங்கியாந்த, யாரு இல்லன்னாங்க? அதுக்கு ஏன் இப்டி அழுவற? போ, கத்தி எட்த்துனு வா. ஒங்கப்பனுக்கு ஒங்கையால அறுத்துக் குடு."